இலையுதிர்காலம் இல்லாத களப்பு

ஜேர்மனியிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு பிரசுரம் அனுப்பியிருந்தார். நான்கு பக்கம், வழுவழுத்த தாள். கற்பிட்டிக் களப்பில் 'இலையுதிர்கால கைட் சேர்ஃபிங் விடுமுறை' பற்றியது. அவருடைய பிள்ளைகளுக்கு ஒக்டோபரில் பள்ளி விடுமுறை. தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து வருவதாக யோசனை. வயது போன பெற்றோருக்கும் விளங்கும்படி தமிழில் ஒரு பக்கம் போட்டுத் தரும்படி கேட்டார். "சின்ன வேலைதான் மச்சான், அரை மணித்தியாலத்தில முடிச்சிடுவீர்" என்றார் தொலைபேசியில்.

மூன்று கிழமை ஆகியும் முடியவில்லை. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

'இலையுதிர்காலம்' என்பது பள்ளிக்கூடத்து மொழிபெயர்ப்பில் பிறந்த சொல். நமக்கு கார் உண்டு, கூதிர் உண்டு, இரண்டு பனியும் இரண்டு வேனிலும் உண்டு. இந்த ஆறில் எதுவும் மரத்தின் இலையைப் பார்த்து வைக்கப்பட்ட பெயரல்ல. கற்பிட்டியில் தென்னையும் பனையும் கண்டலும் ஒக்டோபரில் ஒன்றையும் உதிர்ப்பதில்லை. அங்கே அந்த மாதத்தில் மாறுவது காற்று. அதைச் சொல்ல நம்மிடம் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. வைகாசி தொட்டு அடிக்கிற தென்மேல் காற்றைச் சோழகம் என்போம், கச்சான் என்பாரும் உண்டு. ஐப்பசியில் அது ஓய்ந்து, திசை தடுமாறி, பிறகு வாடை இறங்கும். பிரசுரம் விற்பது இந்தச் சோழகத்தின் வாலை. ஆனால் அந்தப் பெயரில் விற்றால் வாங்க ஆளில்லை. ஹம்பேர்க்கிலோ சூரிச்சிலோ ஒரு பள்ளி நாட்காட்டியில் எந்தக் கட்டத்தில் அது விழுகிறதோ அந்தப் பெயரில்தான் விற்க முடியும். ஓர் ஊரின் காலத்தை இன்னோர் ஊரின் லீவுக் கணக்கில் எழுதிவிடுகிற இந்தக் காரியத்தை மொழிபெயர்ப்புப் பிரச்சினை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இப்படிச் சொன்னதும் 'ஐரோப்பியன் நம் காலத்தைத் திருடிவிட்டான்' என்று கிளம்பிவிடுவது சுலபம். அது பாதி உண்மை. ஜேர்மனியில் இந்த ஒக்டோபர் விடுமுறைக்கு இன்னொரு பழைய பெயர் உண்டு: உருளைக்கிழங்கு விடுமுறை. கிழங்கு கிளறுகிற காலத்தில் பிள்ளைகள் வயலில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் மூடினார்கள். குனிந்து குனிந்து முதுகு நொந்த சிறுவர்களின் வேலைக்காலம் அது. யந்திரம் வந்து கிழங்கை எடுத்துக்கொண்ட பிறகு, வேலை போய் லீவு மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதைச் சுற்றுலா வாங்கிக்கொண்டது. ஆக, பிரசுரம் அழித்திருப்பது சோழகத்தை மட்டுமல்ல, அந்த நாட்டு உழைப்பாளிப் பிள்ளையின் முதுகையும்தான். இரண்டு உழைப்புக் காலங்களின் தடயத்தைத் துடைத்துவிட்டு, அவற்றுக்குப் பதில் ஒரு செம்மஞ்சள் இலையை அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். (உண்மையாகவே ஒட்டியிருக்கிறார்கள். மேப்பிள் இலை. கீழே தென்னந்தோப்பு.)

*

சுற்றுலாப் பிரசுரத்தை ஓர் இலக்கிய வகையாக வாசிக்க வேண்டும் என்பது புதிய யோசனையல்ல. ரொலாண் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தொலஜீஸ்' நூலில், பிரெஞ்சுக்காரர் கையில் வைத்துத் திரிந்த 'நீல வழிகாட்டி'யைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. அந்த வழிகாட்டிக்கு மலையும் தேவாலயமும் தெரிகிற அளவுக்கு மனிதர் தெரிவதில்லை. தெரிந்தாலும் வகைமாதிரிகளாகவே தெரிகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. எனக்கு இப்போது அந்த நீல வழிகாட்டியின் மேல் ஒரு மரியாதையே வருகிறது. அதில் தேவாலயமாவது இருந்தது! என் கையிலிருக்கும் தாளில் தலவில் புனித அன்னம்மாள் ஆலயம் இல்லை. இலங்கைக் கத்தோலிக்கர் இனம், மொழி பாராமல் திரளுகிற யாத்திரைத் தலம் அது. ஆவணித் திருவிழாவுக்குக் கடற்கரை முழுக்கக் கூடாரம். அது காற்றோடு ஒரு சம்பந்தமும் இல்லாதது என்பதால் விடுபட்டுவிட்டது போலும். டச்சுக் கோட்டையும் இல்லை, கடற்படை அதற்குள் இருக்கிறது. பள்ளிவாசல் இல்லை. சந்தை இல்லை.

இருப்பது என்ன? இல்லாமைகளின் பட்டியல். அலை இல்லை. பாறை இல்லை. நெரிசல் இல்லை. இந்த வகைப் பிரசுரங்களில் ஒரு களப்பின் பெருமை எதிர்மறையில்தான் சொல்லப்படுகிறது. அதற்கு விளையாட்டின் பொறிமுறையிலேயே காரணம் இருக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரான்சின் லெகேன்யூ சகோதரர்கள் காற்று ஊதிய விளிம்புள்ள பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை பெற்றார்கள். நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பக்கூடிய பட்டம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அது சந்தைக்கு வந்து விளையாட்டாயிற்று. ஒன்பது, பத்து, பன்னிரண்டு சதுர மீற்றர் பட்டம். இருபதுக்கும் மேல் மீற்றர் நீளமான நாலு கயிறு. இடுப்பில் பட்டி, காலில் பலகை. பட்டம் சுழலுகிற வட்டத்துக்குள் வேறொரு கயிறோ கம்போ மரமோ ஆளோ வரக்கூடாது. வந்தால் கழுத்தறுபடும். நம் பட்டம் ஆகாயத்தில் மட்டும் இடம் கேட்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிற பட்டம் விண் கூவிக்கொண்டு ஊர்க்கூரைகளுக்கு மேலே நிற்கும், கீழே ஊர் தன்பாட்டில் இருக்கும். இந்தப் பட்டத்துக்குக் கீழே ஊர் இருக்க முடியாது.

அலையில்லாத 'தட்டை நீர்' எப்படிக் கிடைக்கிறது? கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில், கண்டல்குழிப் பக்கம், ஒரு மெல்லிய மணல்திட்டு கடலை மறித்து நிற்கிறது. அது அலையை நிறுத்தும், காற்றை நிறுத்தாது. திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் பொங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் இடுப்பளவு நீர் கண்ணாடியாகக் கிடக்கும். இதுதான் சரக்கு. உண்மையில் அழகான இடம்தான், அதை மறுக்க மாட்டேன். ஊர்ப்பெயரைக் கண்டக்குழி என்றும் எழுதுகிறார்கள். கண்டல் மரங்கள் நின்ற குழி என்றுதான் என் காதில் விழுகிறது.

ஆனால் தட்டையான, ஆழமில்லாத, அலையற்ற நீர் விளையாட்டுக்காரனுக்கு மட்டுமா வசதி? இறாலுக்கும் நண்டுக்கும் வசதி. வலை போடுகிறவனுக்கு வசதி. சோழகக் காலத்தில் கடலுக்குள் வள்ளம் இறக்க முடியாத வீட்டுக்கு அடுப்பெரிய வைப்பது களப்பு நீர்தான். எந்தக் காற்று கைட்காரனை அழைத்து வருகிறதோ அதே காற்றுத்தான் மீனவனைக் கடலிலிருந்து களப்புக்குத் தள்ளுகிறது. இரண்டு பேரும் ஒரே மாதங்களில் ஒரே ஆழமற்ற நீருக்கு வந்து சேர்கிறார்கள். இது தற்செயலல்ல. பிரசுரத்தில் 'வெறுமை' என்று வருகிற இடத்தில் நிற்பது இந்த மோதல்.

பிரசுரத்தின் இன்னொரு சொல் 'ஸ்பொட்'. அந்த ஸ்பொட், இந்த ஸ்பொட், கனவு ஸ்பொட் என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருக்கிறார்கள். இதே கரைக்கு மீனவர் வைத்த சொல் 'பாடு'. கரைவலைப் பாடு என்றால் கரையில் ஒரு துண்டு, அந்தத் துண்டில் வலை வளைக்கும் உரிமை. அந்த உரிமை எந்தச் சம்மாட்டிக்கு, எந்த முறையில், எவருக்குப் பிறகு எவர் என்ற ஒழுங்கும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கம். சிங்களத்திலும் 'பாடு' என்றே வழங்குகிறது. இடத்தையும் முறையையும் படுகிற பாட்டையும் ஒன்றாக வைத்திருக்கிற சொல் அது. 'ஸ்பொட்'டுக்கு முறை கிடையாது. முதலில் வந்தவர் பட்டத்தை ஏற்றலாம். சொல் மாறும்போது உரிமைப் பதிவேடும் சத்தமில்லாமல் மாறிப்போகிறது. மொழியைப் பற்றி எழுதுகிற நாம் கவனிக்க வேண்டிய இடம் இது.

*

சோழகத்தை வாங்க வந்தவர்கள் கைட்காரர் மட்டுமல்ல. கண்டல்குழியிலிருந்து தெற்கே போனால் நுரைச்சோலை. 2006இல் வேலை தொடங்கி 2011இல் முதல் அலகு இயங்கிய நிலக்கரி மின்நிலையம், 2014இல் 900 மெகாவாட்டாகப் பூர்த்தியானது. நிலக்கரிக் கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு, பாதைகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். சோழகம் தொடங்கினால் இந்த வேலை நின்றுவிடும். ஆகவே அதற்கு முன்பே நிலக்கரியை மலையாகக் குவித்து வைக்கிறார்கள். பிறகு காற்று வருகிறது. குவியலின் மேலும் சாம்பல் மேட்டின் மேலும் அடித்து, தூளை அள்ளிக்கொண்டு வீடுகளுக்குள்ளும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்குள்ளும் போகிறது. அயற்கிராமத்துச் சனம் இதைப் பற்றிப் பல வருடமாக முறையிடுகிறது. கப்பலை நிறுத்துகிற காற்று, வள்ளத்தை நிறுத்துகிற காற்று, சாம்பலைத் தூக்குகிற காற்று, குடாநாட்டில் 2010 முதல் நிற்கிற காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, ஐரோப்பிய இளைஞனை ஆகாயத்துக்குத் தூக்கிப் போடுகிற காற்று எல்லாம் ஒன்றுதான். இதில் காற்றுக்காக ஒருவரும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. நட்டம் மட்டும் யாரோ சிலரின் கணக்கில் விழுகிறது. 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர் கரையில் குந்தியிருந்த நாட்களிலும் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒக்டோபரில் இது முடியும். கடல் படியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வருகிற மீனவக் குடும்பங்கள் பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடி போடும் காலம் தொடங்கும். அவர்களுக்கு வருடம் பிறப்பது அப்போதுதான். பிரசுரமோ அதை 'சீசனின் கடைசி' என்கிறது. எவருடைய சீசன்?

*

கற்பிட்டி தமிழிலக்கிய வரலாற்றுக்கு அந்நிய ஊரல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சைமன் காசிச்செட்டி 1807இல் இங்கே பிறந்தவர். 1834இல் இலங்கை முழுவதற்கும் ஒரு கசற்றியர் எழுதினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் 'தமிழ் புளூட்டார்க்' வெளியிட்டார். அவ்வகையில் அச்சேறிய முதல் முயற்சி அது. தமிழ்ப் புலவருக்குப் பேரேடு போட்டவர் இந்தக் களப்போரத்து ஆள். கசற்றியரும் ஒரு வகையில் பிரசுரம்தான், அதிகாரிகளுக்கு எழுதியது. அதிலும் காலனியக் கண் உண்டு. ஆனாலும் ஊர் என்றால் அங்கே இருப்பவர் யார், என்ன செய்கிறார், என்ன விளைகிறது, எந்தச் சாதி எந்தத் தொழில் என்று கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமாவது அந்த வகைக்கு இருந்தது. வரி வாங்க ஆள் வேண்டும் அல்லவா! நம் காலத்துப் பிரசுரத்துக்கு அந்தத் தேவையும் இல்லை.

சரி, பிரசுரத்தை இவ்வளவு அடித்தாயிற்று. இனி நம் பக்கம் வருவோம். நான் மூன்று கிழமை எழுதாமல் இருந்ததற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் மன்னார். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரம், அங்கே இரண்டு மணித்தியால அவகாசம். 70,000க்கும் மேற்பட்ட மக்கள். நகை, பணம், வீட்டு உறுதி எல்லாம் விட்டுவிட்டு. பெரும்பான்மையோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் ஏறிக் கடல்வழியாகக் கற்பிட்டியில் இறங்கினார்கள். தென்னந்தோப்புகளிலும் உப்புத்தரையிலும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. தற்காலிகம் என்றார்கள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் எருக்கலம்பிட்டிக்காரர். இந்த மக்களைப் பற்றிக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு எழுதியே ஆயுளைக் கழித்தவர். 2001இல் வந்த அவருடைய நூலின் தலைப்பில் 'மறக்கப்பட்ட மக்கள்' என்றே இருக்கிறது.

கற்பிட்டியில் தேத்தண்ணிக் கடையொன்றில் ஒரு பெரியவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவர். கைட்காரரைப் பற்றித்தான் பேச்சு. "நானா, இவங்கள் எப்ப போவாங்கள்?" என்று கேட்டேன். "காத்து மாறினாப் போயிருவாங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நாங்க வந்ததும் காத்து மாறுற நேரந்தான். மழையும் இருந்திச்சு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தமிழனாகிய நான் அந்த மேசையில் என்ன கேட்பது?

1995 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே திகதி. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான தமிழர் ஓர் இரவில் பெயர்ந்தார்கள். அந்த இரவைப் பற்றி நம்மிடம் எத்தனை கவிதை, எத்தனை கதை, எத்தனை நாவல்! எழுதப்பட வேண்டியவைதான். அந்தச் சனத்தின் துயரத்தை அளக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு முந்திய அதே திகதிக்கு நம் இலக்கியத்தில் எவ்வளவு இடம்? ஒன்றுமே எழுதப்படவில்லை என்றல்ல. 'சரிநிகர்' போன்ற ஏடுகள் பேசின. சில கவிஞர்கள் வெட்கப்பட்டு எழுதினார்கள். முஸ்லிம் எழுத்தாளர்கள் தாங்களே எழுதினார்கள். பேரேட்டின் நடுப்பக்கத்தில் அது இல்லை என்பதுதான் விஷயம். பின்னிணைப்பில் இருக்கிறது. 'அதுவும் நடந்தது' என்ற வாக்கியத்தில் இருக்கிறது. அந்த 'உம்'மில்தான் நம் மனச்சாட்சி குடியிருக்கிறது. 2002இல் புலிகள் தரப்பிலிருந்தே அது தவறு என்று சொல்லப்பட்ட பிறகும் பேரேடு பெரிதாகத் திருத்தப்படவில்லை. 2009க்குப் பிறகு இவர்கள் திரும்பிப் போக முயன்றபோது இவர்களுக்கு நிர்வாகம் வைத்த பெயர் 'பழைய இடம்பெயர்ந்தோர்'. புதியவருக்குத்தான் முதலிடம் என்று அர்த்தம். சொந்த ஊரில் காணி காடாகிவிட்டது, அல்லது வேறு யாரோ இருக்கிறார்கள். புத்தளத்திலோ 'அகதி' என்ற சொல் முப்பது வருடத்துக்குப் பிறகும் கழுவுப்படவில்லை.

ஆக, ஐரோப்பியப் பிரசுரம் ஒரு வெறுங்களப்பை எழுதுகிறது. நம் இலக்கியமும் தன் பாணியில் ஒரு வெறுங்களப்பை எழுதி வைத்திருக்கிறது. அவனுடைய வெறுமைக்குக் காரணம் லாபம். நம்முடையதற்குக் காரணம் கூச்சம், அதற்கும் கீழே, 'எங்கள் ஆட்கள்' என்ற வட்டத்தை எங்கே நிறுத்துவது என்ற பழைய கணக்கு. இரண்டு வெறுமையும் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகின்றன. அதனால்தான் புலம்பெயர் தமிழ்க் குடும்பமொன்று, தானும் ஒக்டோபரில் பெயர்ந்த குடும்பம், அதே மாதத்தில், அதே களப்புக்கு, ஒன்றும் உறுத்தாமல் விடுமுறைக்கு வர முடிகிறது. நண்பர் 95இல் கிளாலி கடந்தவர். அவருக்கு ஒக்டோபர் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கற்பிட்டியின் ஒக்டோபர் அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல. அவர் வாசித்த தமிழை எழுதியவர்கள் நாங்கள்.

*

செயல்பாட்டாளர்கள் இந்த இடத்தில், 'அப்போ என்ன செய்யச் சொல்கிறாய், கைட்டை நிறுத்துவதா?' என்று கேட்பார்கள். எனக்குத் துல்லியமான பதில் இல்லை.

2000களின் நடுப்பகுதியில் அரசு கற்பிட்டிக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பதினான்கு தீவுகளையும் உள்ளடக்கிய ஒருங்கிணைந்த சுற்றுலா வலயம். ஹோட்டல்கள், கோல்ஃப் மைதானம், உள்நாட்டு விமான நிலையம். உச்சமுனை, இப்பன்தீவு என்று தீவுகளின் பெயர்கள் முதலீட்டாளர் கையேட்டில் ஏக்கர் கணக்கோடு வந்தன, அவற்றில் ஆட்கள் இருந்தபோதும். மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. கரைக்குப் போகும் வழி மறிக்கப்படுகிறது, பரம்பரையாகப் பாவித்த நிலத்துக்கு உறுதி கேட்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு. திட்டம் தீட்டியபடி வரவில்லை. அதற்குப் பதில் போர் முடிந்த பிறகு கைட் வந்தது. சின்னச் சின்ன விடுதிகள், ஓலைக் கூரை, மணல் தரை, பத்துப் பன்னிரண்டு அறை. பெருந்திட்டத்தைக் காட்டி எதிர்க்க முடிந்ததைப் போல இதை எதிர்க்க முடியாது. எதிரி யார் என்றே தெரியாது. காணி துண்டு துண்டாகக் கைமாறுகிறது. விற்பவரும் உள்ளூர்க்காரரே.

அத்தோடு பொடியன்கள். கடலோரக் கிராமத்துப் பிள்ளைகள் சிலர் இதைக் கற்று, பயிற்றுநர் சான்றிதழ் எடுத்து, வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தகப்பன் ஒரு மாதம் வலையிழுத்துக் காணாத காசை ஒரு கிழமையில் காண்கிறார்கள். காற்றை அவர்கள் வாசிக்கிற விதம் அலாதி. நீரின் நிறத்தைப் பார்த்து, இன்னும் ஐந்து நிமிடத்தில் எங்கே பலமாக அடிக்கும் என்று சொல்கிறார்கள். அது எந்தப் பயிற்சிப் பாடத்திலும் இல்லாத, அப்பனின் தெப்பத்திலிருந்து வந்த அறிவு. அந்த அறிவுக்கு இப்போது ஒரு விலை கிடைக்கிறது. அதை வேண்டாமென்று சொல்ல நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அருகதையில்லை. ஆனால் அந்தப் பொடியனைப் பிரசுரத்தில் தேடினால் சிரிக்கிற பல்லாகத்தான் கிடைக்கிறான். அவன் வாசிக்கிற காற்றுக்கு அவன் வீட்டில் வழங்குகிற பெயர் அதில் இல்லை. அந்தப் பெயர்கூடத் தமிழா சிங்களமா என்பது இந்தக் கரையில் தனிக் கதை. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் ஊர்கள், பள்ளிக்கூட மொழி மாற மாறச் சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழில் செபிப்பாள், பேரன் சிங்களத்தில் சத்தியம் பண்ணுவான். இப்போது பேரன் ஜேர்மன் மொழியில் 'கயிற்றை விடு!' என்று கத்துகிறான். இதை வீழ்ச்சி என்று அழுவதா, வளம் என்று மெச்சுவதா? எனக்கு இரண்டிலும் சந்தேகம். ஒன்றை மட்டும் கேட்கலாம்: களப்பில் யார் எந்த நேரம் எந்தப் பக்கம் என்பதை ஒழுங்கு செய்ய ஒரு பாடு முறை பட்டத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது? கரைவலைக்கு முறை வைத்த ஊருக்கு இது முடியாத காரியமல்ல. அந்தப் பேச்சில் மீனவரும் அகதிகளும் பயிற்றுநர்ப் பொடியன்களும் உட்கார வேண்டும். இதுவரை உட்கார்ந்தவர் விடுதிக்காரர்.

நம் திணைக் கணக்கில் பார்த்தால் பிரசுரம் ஒரு விசித்திரமான நெய்தல். நிலமும் பொழுதும் இருக்கின்றன. கருப்பொருளில் பறவை மட்டும் இருக்கிறது. உரிப்பொருளாகிய இரங்கல் அறவே நீக்கப்பட்டிருக்கிறது. திணைக் கோட்பாட்டை எதற்கெடுத்தாலும் போட்டுப் பார்க்கிற வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்றாலும், இந்த ஓரிடத்தில் அது உதவுகிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து இரங்குவது கற்பிட்டியில் 1990 ஒக்டோபரில் கவிதை மரபாக இருக்கவில்லை. எதிர்க்கரையில் விட்டுவந்த வீட்டின் திசை அது.

கடைசியில் மொழிபெயர்ப்பை முடித்தேன். 'இலையுதிர்கால விடுமுறை' என்ற இடத்தில் 'ஐப்பசி விடுமுறை' என்று போட்டேன். காற்றைச் சோழகம் என்றே எழுதினேன். சேத்தாவாடி, கண்டல்குழி, தலவில் என்று ஊர்ப்பெயர்களைச் சேர்த்தேன். 'ஆளில்லாத களப்பு' என்று வந்த வரியை மட்டும் மொழிபெயர்க்காமல் வெறுமையாக விட்டு, பக்கத்தில் 1990ஐப் பற்றி நாலு வரிக் குறிப்பு எழுதி அனுப்பினேன்.

நண்பர் இரவு எடுத்தார். "நல்லாயிருக்கு, ஆனா சோழகமெண்டா பிள்ளையளுக்கு விளங்காது" என்றார். அந்தக் குறிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்த நாலு வரியையும் வேறயா எனக்கு அனுப்பும். இதில வேண்டாம். வாற ஆக்களில ரெண்டு பேர்..." என்று இழுத்துவிட்டு, டிக்கற் இன்னும் போடவில்லை, ஒக்டோபரில் விலை கூட என்று வேறு கதைக்குப் போனார்.